எந்த ‘ம்’?

வாடா பேராண்டி, வா. காலையில மெட்ராஸ் பஸ்ஸை விட்டு இறங்குனதுலேர்ந்து பாக்குறேன், மூஞ்சியில மூணு நாள் பட்டினி தெரியுது. உங்க அம்மா இட்லி வச்சா, தொடல. பழையசோத்துல கட்டித்தயிரு விட்டுக் குடுத்தா, அதையும் தொடல. அந்தப் போனை மட்டும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா தொடுறே. திண்ணைக்கு வா. வெத்தலை போடுறியா? வேண்டாம், ஆபீஸ் பல்லு, கறையாயிடும். உக்காரு.

என்னடான்னு கேட்டா ‘ஒண்ணுமில்ல தாத்தா’ங்கறே. 38 வருஷம் தபால் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு எட்டு ஊரைச் சுத்துனவன்டா நான். ஒட்டுன கவரைத் தடவிப் பாத்தே உள்ள இருக்குறது கல்யாணமா கடனான்னு சொல்லுவேன். உன் மூஞ்சி கவர்கூட இல்ல, போஸ்ட் கார்டு. வழியில போறவன்லாம் படிச்சுட்டுப் போறான். கொண்டா அந்தப் போனை.

நீ என்ன எழுதியிருக்கே? ‘சேலை எடுக்க கும்பகோணத்துக்கு நீயும் வரணுமா?’ அவ்வளவுதானா? அதுக்கு உனக்கு நிச்சயம் பண்ண மன்னார்குடிப் பொண்ணு என்ன எழுதியிருக்கு? ‘உங்க இஷ்டம்.’ பின்னாடி ஒரு புள்ளி வேற. சாதாரணப் புள்ளியா அது? கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட புள்ளி.

“வெயில்ல அலையணுமே, பாவம்னுதான் கேட்டேன்”ங்கறே. நான் நம்புறேன். ஏன் நம்புறேன்? நீ அதை என் பக்கத்துல உக்காந்து, குரலை இறக்கி, கழுத்தைச் சாய்ச்சுச் சொல்றே. அந்தப் பொண்ணுக்குக் கழுத்தும் போகல, குரலும் போகல. அஞ்சு வார்த்தை போச்சு. குரலை அது தன் வீட்டுலேர்ந்துதான் எடுத்துப் போட்டுக்கணும். அந்த நேரத்துல அவங்க வீட்டுல என்ன குரலு கைக்குக் கெடைச்சுதோ! காலையில அதோட அண்ணிக்காரி ‘நீயும் வரணுமா’ன்னு எதுக்காவது ஒரு இழுப்பு இழுத்திருந்தா, உன் எழுத்துக்கு அண்ணி குரல்தான் வந்திருக்கும். நீ எழுதுனே, பேசுனது அண்ணி.

சிரிக்காத. இதுல நானே பாவம் பண்ணவன்.

அப்ப நான் வேலைக்குச் சேந்து ரெண்டு மூணு வருஷம் இருக்கும். கீழத்தெருவுல ஒரு பொண்ணு, புருஷன் சிங்கப்பூர்ல. அதுக்கு எழுத்து வாசனை கெடையாது. கடுதாசி வந்தா நான்தான் வாசிக்கணும், பதிலும் நான்தான் எழுதணும். சித்திரை மாசம், மண்டையைப் பொளக்குற வெயிலு, இன்னும் மூணு ஊரு பாக்கி. வாசல்ல நின்னபடியே கவரைக் கிழிச்சு, அரிசி மூட்டையை இறக்குற மாதிரி வாசிச்சேன். ‘பணம் வந்ததா. என்ன செலவு செய்தாய். கணக்கு எழுதி அனுப்பவும். பையனை வெயிலில் விடாதே.’ மடிச்சுக் கையில குடுத்துட்டுச் சைக்கிளை மிதிச்சுட்டேன்.

மறுநாள் அந்தத் தெருவுக்கு ஒரு மணியார்டர். போறேன், அந்தப் பொண்ணு கண்ணு வீங்கி நிக்குது. கையில ஒரு சொம்பு மோரு, இன்னொரு கையில அதே கடுதாசி. ‘அண்ணே, இன்னொரு தடவை வாசிங்க, என்மேல ஏன் சந்தேகப்படுறாருன்னு தெரியல’ன்னுது. எனக்குச் சுருக்குன்னுச்சு. திண்ணையில உக்காந்தேன், மோரைக் குடிச்சேன், நிதானமா வாசிச்சேன். ‘பணம் வந்ததா? என்ன செலவு செய்தாய்? கணக்கு எழுதி அனுப்பவும்... பையனை வெயிலில் விடாதே...’ அந்தப் பொண்ணு கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் பாக்குது. ‘நேத்து வாசிச்சது வேற லெட்டரா அண்ணே?’ன்னு கேட்டுச்சு பாரு!

ஒரே கடுதாசி, ஒரே மசி. நேத்து அவன் சந்தேகக்காரன், இன்னிக்கு ஊரை நெனச்சு ஏங்குற மனுசன். எது நெசம்னு கேக்குறியா? அவன் எழுதும்போது எப்படி இருந்தானோ, யாரு கண்டா? அன்னிலேர்ந்து நான் ஒரு வழக்கம் வச்சிக்கிட்டேன். தந்தியைத் தவிர வேற எந்தக் கடுதாசியையும் வயித்துப்பசியோட வாசிக்கிறதில்ல. என் பசியும் சரி, கேக்குறவங்க பசியும் சரி. மணியார்டரு முதல்ல, சோறு அடுத்து, கடுதாசி கடைசி. மேலதிகாரிக்குத் தெரிஞ்சா மெமோதான். தெரியல, பென்ஷன் வாங்குறேன்.

இப்ப நீங்க என்ன பண்றீங்க? பல்லு விளக்குறதுக்கு முன்னாடி வாசிக்கிறீங்க. பஸ்ல தொங்கிக்கிட்டே வாசிக்கிறீங்க. கக்கூஸ்ல உக்காந்து வாசிக்கிறீங்க. அந்த எடத்துல உக்காந்து வாசிச்சா எந்தக் கடுதாசிக்குடா நல்ல குரலு வரும்?

சரி, உனக்கு ஒரு வெளையாட்டு. இந்த வெத்தலைச் செல்லத்து மேல விரலால ஒரு பாட்டைத் தட்டுறேன், என்ன பாட்டுன்னு சொல்லு. டொக் டொக், டொக்கு டொக், டொடக்... தெரியலியா? இன்னொரு தடவை. என்னது, மரங்கொத்தியா? எம்.ஜி.ஆர். பாட்டுடா அது! மன்னார்குடி கொட்டகையில பன்னெண்டு தடவை பாத்த படம். தட்டும்போது எனக்குள்ள டி.எம்.எஸ். பாடுறாரு, பின்னாடி வயலின் வாசிக்குது, குதிரையெல்லாம் ஓடுது. உன் காதுல வெறும் டொக்கு டொக்கு.

இதை எனக்குச் சொன்னது உன் தங்கச்சி. காலேஜுல மனசைப் பத்திப் படிக்கிறாளே. 1990-ல அமெரிக்காவுல ஸ்டான்போர்டுல எலிசபெத் நியூட்டன்னு ஒரு பொண்ணு, ஆளுங்களை இப்படித்தான் மேசையில பாட்டுத் தட்டச் சொல்லிச்சாம். எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டுதான். 120 பாட்டு. கேக்குறவங்க எத்தனை கண்டுபிடிப்பாங்கன்னு தட்டுனவங்களைக் கேட்டா, பாதிக்குப் பாதின்னாங்களாம். கண்டுபிடிச்சது எத்தனை தெரியுமா? 3. தட்டுனவங்களுக்குக் கோவமாம், ‘இதுகூடத் தெரியலியா’ன்னு. உன் மாதிரிதான்.

அப்பறம் 2005-ல ஜஸ்டின் க்ரூகரு, நிக்கோலஸ் எப்லின்னு ரெண்டு பேரு, அவங்க சகாக்களோட, மெயில்லயே நேராப் பாத்துட்டாங்க. ஒருத்தன் நெசமாவும் நக்கலாவும் கலந்து எழுதணும், இன்னொருத்தன் எது எதுன்னு பிரிக்கணும். எழுதுனவனைக் கேட்டா, நூத்துக்கு 78 புரிஞ்சிருக்கும்னான். அதையே வாயால சொன்னப்ப 73 சரியாப் போச்சு. மெயில்ல? 56. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 வருமேடா! படிச்ச படிப்பு அதுக்கு மேல குடுத்தது 6. எனக்கு அந்த 56 மேலகூட ஆச்சரியம் இல்ல, 78 மேலதான். எழுதுற எல்லாருக்கும் தன் குரலு தனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கு. தனக்குக் கேக்குறது ஊருக்கே கேக்குதுன்னு நெனப்பு.

எங்க காலத்துலயும் இந்தத் தொல்லை உண்டு. ஆனா நாங்க அதுக்கு மஞ்சள் வச்சிருந்தோம். நல்ல காரியக் கடுதாசின்னா நாலு மூலையிலயும் மஞ்சளைத் தடவித்தான் அனுப்புவாங்க. கையில வாங்கும்போதே மனசு குளுந்துடும். அப்பறம் உள்ள ‘உடனே புறப்பட்டு வரவும்’னு இருந்தாலும் பயம் வராது. சாவு சேதி கார்டுன்னா மூலையில கருப்பு. வாசிச்ச கையோட கிழிச்சுப் போட்டுட்டுத் தலைக்குத் தண்ணி ஊத்திக்குவாங்க. சாதாரணக் கடுதாசிக்கு ‘நலம், நலமறிய அவா.’ நீ சிரிப்பே, ஒவ்வொரு கடுதாசியிலயும் இதையே எழுதுனாங்களேன்னு. அது சேதி இல்லடா, செருப்பைக் கழட்டிட்டு உள்ள வர்றது. நீங்க செருப்போட நேரா அடுப்படிக்கு வந்து ‘நீயும் வரணுமா’ங்கறீங்க.

வெள்ளைக்காரனும் கடைசியில மஞ்சள்லதான் வந்து நின்னான். 1982, செப்டம்பர் மாசம். பிட்ஸ்பர்க்ல கார்னகி மெலன்னு ஒரு பல்கலைக்கழகம். அங்க கம்ப்யூட்டர் வாத்தியாருங்க ஒருத்தருக்கொருத்தர் எழுதிப் போட்டுக்க ஒரு பொதுப் பலகை மாதிரி வச்சிருந்தாங்க. லிஃப்ட் கயிறு அறுந்து விழுந்தா உள்ள இருக்கிற புறா என்ன ஆகும், பாதரசச் சொட்டு என்ன ஆகும்னு பேச்சு. வேலையத்த பேச்சுதான், நம்ம டீக்கடை மாதிரி. அதுல ஒருத்தன் வெளையாட்டா, ‘எச்சரிக்கை, இந்த மாதிரி சோதனையால ஒரு லிஃப்ட்ல பாதரசம் கொட்டிக் கெடக்கு, கொஞ்சம் தீப்பிடிச்ச சேதமும் உண்டு’ன்னு எழுதிட்டான். பேச்சை நடுவுல வந்து படிச்சவன் நெசம்னு நெனச்சுட்டான். பெரிய பெரிய மூளைங்கடா எல்லாம்! அப்பறம்தான், தமாஷுன்னா மேல ஒரு குறி போடணும்னு கூடி யோசிச்சாங்க. ஆளாளுக்கு ஒரு குறியைச் சொன்னாங்க. 19-ஆம் தேதி ஸ்காட் ஃபால்மன்னு ஒரு வாத்தியார், முக்காற்புள்ளி, சின்னக் கோடு, அடைப்புக்குறி மூணையும் வரிசையா வச்சு, தலையைச் சாய்ச்சுப் பாருங்க, சிரிக்கிற மூஞ்சி தெரியும்னாரு. நீங்க இன்னிக்குப் போடுற மஞ்சள் மூஞ்சிக்கெல்லாம் அவருதான் ஒருவிதத்துல பாட்டன். மூஞ்சிக்கு மஞ்சள் எப்படி வந்துச்சுன்னு எனக்குக் கேக்கத் தோணல. நம்மகிட்டேர்ந்து போனதுன்னே வச்சிக்குவோம், என்ன நட்டம்?

ஆனா மூஞ்சி போட்டா தொல்லை தீந்துச்சா? என் கட்டைவிரல் கதை உனக்குத் தெரியாது. நீ அப்ப பெங்களூர்ல இருந்தே. ‘நம்ம வகையறா’ குரூப்புல ஒரு நாள் காலையில சேதி, திருத்துறைப்பூண்டி மாமா தவறிட்டாருன்னு. எனக்கு அப்பத்தான் உங்க அப்பன் இந்தப் போனை வாங்கிக் குடுத்து நாலு நாளு. பாத்துட்டேன்னு சொல்லணும், எழுத்தைத் தேடிப் பிடிக்கத் தெரியல. ஒரு கட்டைவிரல் இருந்துச்சு, அமுக்கிட்டேன். எழவுக்கு நேர்ல போறேன், மாலையை வாங்க ஒருத்தன் கை நீட்டல. ‘மாமா செத்ததுக்குச் சபாஷ் போட்டவரு வந்துட்டாரு’ன்னு எனக்குக் கேக்குற மாதிரியே பேசுறானுங்க. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகைகூட வரல.

அப்பறம் 2024-ல பேப்பர்ல பாக்குறேன், நம்ம சென்னை உயர் நீதிமன்றத்துல இதே வழக்கு! ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருத்தரு. 2018-ல மேகாலயாவுல அவங்க அதிகாரி ஒருத்தரைச் சுட்டுக் கொன்ன சேதி குரூப்புல வருது. இவரு கட்டைவிரலைப் போட்டுட்டாரு. கொலையைக் கொண்டாடுறியான்னு வேலையை விட்டே தூக்கிட்டாங்க. அவரு சொல்றாரு, எனக்கு இந்த வாட்ஸ்அப்பெல்லாம் அவ்வளவாப் பழக்கம் இல்லீங்க, பாத்தேன்னு சொல்லத்தான் போட்டேன்னு. நீதிபதிங்க ஏத்துக்கிட்டாங்க. கட்டைவிரல்னா ‘ஓகே’ங்கறதுக்குப் பதிலா எடுத்துக்கலாம், கொலையைக் கொண்டாடுனதா எடுத்துக்க முடியாதுன்னு சொல்லி வேலையைத் திரும்ப வாங்கிக் குடுத்தாங்க. நான் அந்தப் பேப்பரை மடிச்சு மடியில கட்டிக்கிட்டுத் திருத்துறைப்பூண்டி போயி, மாமா பையன் முன்னாடி விரிச்சு வச்சேன். ‘ஹைகோர்ட்டே சொல்லிடுச்சு மாப்ளே, நீ என்ன சொல்றே?’ன்னு கேட்டேன். காப்பி குடுத்தான். சக்கரை கம்மிதான்.

அந்தத் தீர்ப்பை வச்சிக்கிட்டு ஒரு மாசம் நெஞ்சை நிமித்தி நடந்தேன். உன் தங்கச்சி வந்து காத்தைப் புடுங்கிட்டா. கனடாவுல ஒரு விவசாயி, சஸ்காட்செவன் மாகாணமாம். 2021 மார்ச்சுல தானியம் வாங்குற கம்பெனிக்காரன் 86 டன் ஆளிவிதைக்கு ஒப்பந்தத்தைப் படம் புடிச்சு அனுப்பி, உறுதிப்படுத்துங்கன்னு கேட்டிருக்கான். இவரு ஒரு கட்டைவிரல். நவம்பர்ல குடுக்கணும், குடுக்கல. வெலை அதுக்குள்ள எங்கயோ போயிருச்சு. இவரும் நம்ம காவலர் சொன்னதையேதான் சொன்னாரு, ‘வந்து சேந்துச்சுன்னு சொல்லத்தான் விரலைப் போட்டேன்’னு. 2023-ல ஜட்ஜ் சொல்லிட்டாரு, அது கையெழுத்துதான்யா, எடு பணத்தைன்னு. 82,000 டாலருக்கு மேல! மேல் கோர்ட்டுலயும் அதே தீர்ப்பு நின்னுடுச்சு.

எங்க தாத்தனுக்கு மசியைத் தடவி விரலைப் புடிச்சு அமுக்குனாத்தான் கைநாட்டு. அங்க மசியே இல்லாம ஒரு கைநாட்டு! ஆனா அந்த ஜட்ஜை நான் தப்புச் சொல்ல மாட்டேன். அவரு விரலை மட்டும் பாக்கல, அதுக்குப் பின்னாடி கெடந்த பழக்கத்தைப் பாத்தாரு. அதுக்கு முந்தி நாலஞ்சு தடவை இதே ரெண்டு பேருக்குள்ள இப்படித்தான் ஒப்பந்தம் போனுல வந்திருக்கு. ‘ஓகே’ன்னு, ‘ஆமா’ன்னு ஒத்தை வார்த்தையில பதில் போயிருக்கு, ஒவ்வொரு தடவையும் விளைச்சலைக் கொண்டுபோய் இறக்கியிருக்காரு. அந்த ஓகே எல்லாம் சேந்துதான் இந்த விரலுக்கு அர்த்தம் சொல்லிச்சு. காவலருக்குப் பின்னாடி அப்படி ஒரு பழக்கம் இல்ல. விரல் ஒண்ணுதான், ஒருத்தருக்கு வேலை வந்துச்சு, ஒருத்தருக்குப் பணம் போச்சு.

அதனாலதான் உன்னைக் கேக்குறேன், நிச்சயம் ஆகி எத்தனை நாளு? நாப்பதா? நேர்ல பேசுனது எத்தனை தடவை? ரெண்டா! அதுலயும் ஒரு தடவை உங்க அத்தை நடுவுல உக்காந்திருந்தா. அப்ப அந்தப் பொண்ணுக்கிட்ட உன் குரலு எங்கடா இருக்கும்? உங்க அப்பாயி என்னை ‘எங்க போயித் தொலைஞ்சீங்க, வந்து தின்னுட்டுத் தொலைங்க’ன்னுதான் அம்பது வருஷம் கூப்பிட்டா. அதை எழுதிப் பாரு, கோர்ட்டுக்குப் போற சேதி. கேட்டுப் பாரு, அதுல மோர்க்குழம்பு மணக்கும். அவ போயி ஆறு வருஷம் ஆச்சு. இப்பவும் மத்தியானத்துல தொலையச் சொல்ல ஆளில்லாமத்தான் லேட்டாச் சாப்பிடுறேன்.

மாட்டுக்கே தெரியும்டா இது. எங்க மயிலைக்காளையை வாயில வராத வார்த்தையெல்லாம் சொல்லிக் கொஞ்சுவேன், வாலை ஆட்டிக்கிட்டு நிக்கும். ‘தங்கமே’ன்னு பல்லைக் கடிச்சுட்டுச் சொன்னா ஒரு எட்டு பின்னாடி வைக்கும்.

நம்ம பாஷையில இது இன்னும் மோசம். ‘நல்லா இரு’ன்னு ஒண்ணு இருக்கு பாரு. திருநீறு பூசிச் சொன்னா ஆசீர்வாதம், மண்ணை வாரி எறிஞ்சு சொன்னா சாபம். வார்த்தை ஒண்ணேதான். உன் சின்னத்தங்கச்சி காதுகுத்துப் பத்திரிகையில மேலத்தெருப் பெரியம்மா பேரை விட்டுட்டானுங்க. அச்சுக்காரன் மேல பழியைப் போட்டானுங்க, அது வேற கதை. பெரியம்மா குரூப்புல ஒரே ஒரு சேதி போட்டா. ‘நல்லா இருங்க.’ ரெண்டு நாளு ஊரே ரெண்டாப் போச்சு. பாதிப் பேரு, பெரிய மனசு பாருடான்னான். பாதிப் பேரு, வயிறு எரிஞ்சு சொல்லுதுடான்னான். உங்க அப்பன் பயந்துபோயி புள்ளைக்கு உப்பு, மொளகா சுத்திப் போட்டான். நான் அடுத்த வாரம் நேர்லயே போயி, எந்தக் குரல்ல எழுதுனே ஆச்சின்னு கேட்டேன். அவ வெத்தலைச் சாறைத் துப்பிட்டு, ‘அவங்கவங்க மனசுல உள்ள குரல்ல வாசிச்சுக்கட்டும்’னா. எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளை, பேத்தியை விட்டு எழுதச் சொன்னது! ஸ்டான்போர்டு வரைக்கும் போகவே வேண்டாம், நம்ம மேலத்தெரு போதும்.

இது நம்ம ஆளுங்களுக்குப் பழைய வித்தைதான். ஔவையாரு தொண்டைமான் ஆயுதச்சாலையைப் பாத்துட்டு என்ன சொன்னா? உன் வேலெல்லாம் நெய் பூசி, மாலை போட்டு, பளபளன்னு காவலுக்குள்ள இருக்கு, எங்க அதியமான் வேலெல்லாம் நுனி முறிஞ்சு கொல்லன் பட்டறையில கெடக்குன்னா. புறநானூத்துல இருக்கு. கேட்டா புகழ்ச்சி, யோசிச்சா உனக்குச் சண்டை போட்டே பழக்கமில்லேங்கறது. நேர்ல நின்னு சொன்னதால, கண்ணைப் பாத்துத் தொண்டைமானுக்கு வெளங்கியிருக்கும். வாட்ஸ்அப்புல அனுப்பியிருந்தா ஒரு சிவப்பு இருதயத்தைப் போட்டுட்டு, ‘நன்றி பாட்டி’ன்னு எழுதிட்டுப் படையெடுத்திருப்பான்.

அதுல நீங்க தமிழை இங்கிலீசு எழுத்துல வேற எழுதுறீங்க. ல, ள, ழ எல்லாம் ஒரே தொட்டித் தண்ணி. போன மாசம் நம்ம கூட்டுறவுச் சங்கத்துக்காரர் உங்க அப்பனைத் தேடியிருக்காரு. உங்க அம்மா, அப்பா கொல்லைக்குப் போயிருக்காருன்னு இங்கிலீசு எழுத்துல தட்டியிருக்கா. அந்த மனுசன் அதைக் கொள்ளைன்னு வாசிச்சுட்டாரு. சங்கத்துக் கடனைத் திருப்பிக் கட்டாதவன் வேற உங்க அப்பன். ‘வெளிப்படையாவே சொல்லிட்டுப் போறாங்களே’ன்னு செயலாளர் டீக்கடையில சொல்லிச் சிரிச்சாராம்.

இதெல்லாம்கூடப் பரவாயில்ல. அந்த ரெண்டு நீலக்கோடு இருக்கு பாரு, 2014 நவம்பர்ல வந்ததுன்னு சொன்னியே, அதுதான் குடும்பத்தைக் கெடுக்குது. எங்க காலத்துல கடுதாசியில ரிஜிஸ்டர் தபாலுக்கு மட்டும்தான் வாங்குனவன் கையெழுத்துப் போட்ட கார்டு அனுப்புனவனுக்குத் திரும்பிப் போகும். வக்கீல் நோட்டீஸ்தான் பெரும்பாலும் அப்படி வரும். இப்ப ‘சாப்டியா’ங்கறதுக்கே ஒப்புகைக் கார்டு கேக்குறீங்க. கோடு நீலமாச்சா, மூணு நிமிஷம் ஆச்சா, பதில் வரலியா, உடனே வழக்கு. அந்தப் பொண்ணு பால் பொங்குதேன்னு அடுப்படிக்கு ஓடியிருக்கும். நீ இங்க உக்காந்து அந்த மூணு நிமிஷத்துக்குள்ள என்னென்ன எழுதிப் படிச்சியோ! எழுதாத எழுத்தையும் வாசிக்கிற ஆளுங்கடா நீங்க.

என்ன தட்டுறே? காட்டு. ‘நான் அந்த அர்த்தத்துல கேக்கல, நான் என்ன நெனச்சேன்னா...’ அடப்பாவி, பதினெட்டு வரி! இது விளக்கமா, வக்காலத்தா? இதைப் படிக்கிறதுக்கு அது இன்னொரு அண்ணி குரலைத் தேடணும். அழி. முழுசா அழி. கோவத்துலயும் பயத்துலயும் எழுதுறதைக் கையிலேயே வச்சிருந்து கரியாக்கிடணும். என் பையில அப்படி நாலு கடுதாசி வருஷக்கணக்கா கெடந்துச்சு, அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பவே இல்ல. அதுல ஒண்ணு உங்க அப்பாயிக்கு நானே எழுதுனது, கல்யாணத்துக்கு முந்தி. என்ன எழுதியிருந்தேன்னு கேக்காத, மறந்துட்டேன். மறந்ததாத்தான் அவகிட்டயும் சொன்னேன்.

கூப்பிடு. ஆமா, இப்பத்தான். நான் இங்கயே இருந்தா உனக்குக் கூச்சமா? எனக்குக் காது சரியாக் கேக்காது, நீ பாட்டுக்குப் பேசு. என்ன கேக்கறதுன்னா? நேத்து எழுதுனதையே கேளு. அதே அஞ்சு வார்த்தையை, சித்த முன்னாடி என்கிட்ட சொன்ன கழுத்தோட கேளு. வெயிலையும் சேத்துக்க.

மணி அடிக்குதா? இரு, எடுத்துச்சா? என்ன, ‘ம்’னுச்சா?

எந்த ‘ம்’? கதை கேக்கும்போது கொட்டுற ‘ம்’மா, கதவைச் சாத்தும்போது வர்ற ‘ம்’மா? கோவத்துல மூக்கு வழியா வர்ற ‘ம்’ ஒண்ணு உண்டு. அழுது முடிச்சப்பறம் சிரிப்பை அடக்கிக்கிட்டு வர்ற ‘ம்’ ஒண்ணு... சரி சரி, நீ சொல்ல வேண்டாம். காது நுனி செவக்குது. பாத்தாச்சு.

பேசுங்க. உங்க அம்மாக்கிட்ட அந்த இட்லியைச் சுட வைக்கச் சொல்லிட்டு நான் கொல்லைப் பக்கம் போறேன். தாத்தா எங்கன்னு அந்தப் பொண்ணு கேட்டா வாயாலயே சொல்லு, எழுதித் தொலைக்காத.